அக்கா படலையில் இருந்த நாற்பது நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடவுளின் ஊழியக்காரர் என்று சொல்லிக்கொண்டு வருகிற ஒருவரையும் நம்ப வேண்டாம் என்று சென்ற கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு சகோதரர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனாலும் அந்தக் கடிதத்தை என் அக்காவுக்கு வாசித்துக் காட்ட மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுதான் போகும். இடம் இருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் தபாற்காரனாக முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தவன். ஊர் பெரியகல்லாறு, சபை மெதடிஸ்த சபை. 1975இல் வேலையில் சேர்ந்தபோது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு சின்னத் தபாற்கந்தோரில் போட்டார்கள். விடியப் புறப்பட்டு, குருமண்வெளித் துறையில் பாதையில் சைக்கிளை ஏற்றி, மண்டூர்ப் பக்கம் இறங்கி மிதிப்பேன். (வெளியூர் வாசகர்களுக்காக: வாவியைக் கடக்கிற மிதவையை இங்கே நாங்கள் பாதை என்றுதான் சொல்லுவோம்.) பின்னாளில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு மாற்றம் கிடைத்தது. 2013இல் ஓய்வு பெறும்வரை எங்கள் ஊர்ப் பக்கத்து ஒழுங்கைகளில்தான் கடிதம் கொடுத்தேன்.

அக்காவின் மூத்த மகன், என் மருமகன், 1990இல் காணாமற்போனான். அந்த வருடம் ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. மட்டக்களப்பில் இருந்தவர்களுக்கு அந்த வருடத்தைப் பற்றி நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளவுக்குள் இருந்த அகதி முகாமில் 158 பேரைக் கொண்டுபோனார்கள். நாலு நாள் கழித்து சத்துருக்கொண்டான் படுகொலை. அந்தக் கிழமைகளில் ஒரு நாள், தகப்பனுக்கு மருந்து வாங்க என்று களுவாஞ்சிக்குடிக்குப் போனவன்தான் எங்கள் பிள்ளை. வயது பத்தொன்பது. சைக்கிள்கூடத் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருடம் நான் கடிதப் பையோடு அக்காவின் படலையைத் தாண்டிப் போனேன். பத்து மணி போல மணிச் சத்தம் கேட்டால் அக்கா வந்து நிற்பார். "கடுதாசி இருக்கா தம்பி?" "இல்லக்கா." இவ்வளவுதான் பேச்சு. சில நாள் கேட்கவும் மாட்டார், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒழுங்கையைச் சுற்றிக் குறுக்கு வழியில் போயிருக்கலாம். போகவில்லை. கடிதம் இல்லாத நாளிலும் படலையடியில் நின்று "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவதும் தபாற்காரன் வேலைதான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வருடங்களில் அக்காவுக்குச் செய்தி கொண்டுவந்தவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. இன்ன முகாமில் கண்டேன் என்று ஒருவர் வந்து காசு வாங்கிப் போனார். இன்னொருவர் சட்டையின் நிறத்தைச் சொன்னார், அது பிழையாக இருந்தது. அவர்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை. அவர்கள் கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரவில்லை.

போன வருடம் வந்தவர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய பெயரையோ சபையையோ இங்கே எழுதப்போவதில்லை. அவர் ஒருவரைத் தாக்குவதால் எங்கள் தாய்மாருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. வெளியூர்க்காரர். பக்கத்துப் பட்டினத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் கூட்டம். அக்கா கேட்டார் என்று இரண்டாம் நாள் நானும் கூடப் போனேன். நல்ல பாட்டு, நல்ல ஜெபம். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கமாட்டேன். அப்புறம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இந்த இடத்தில் ஒரு தாய் இருக்கிறார். காணாமற்போன மகனுக்காகக் கண்ணீர் வடிக்கிற தாய். எழும்பி நில்லுங்கள்" என்றார்.

மட்டக்களப்பில் ஒரு மண்டபம் நிறைந்த கூட்டத்தில் அப்படி ஒரு தாய் இருப்பார் என்று சொல்ல எந்தத் தரிசனமும் தேவையில்லை. நான் எண்ணினேன். பதினொரு பேர் எழும்பி நின்றார்கள். ஒரு தாய் என்று சொன்னவர் பதினொரு பேரைக் கண்டதும் திகைக்கவில்லை. முன்வரிசையில் நின்ற அக்காவிடம் வந்து தலையில் கை வைத்தார். "அம்மா, உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான். தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறதைக் காண்கிறேன். நாற்பது நாளுக்குள் செய்தி வரும். ஆனால் நீங்கள் ஒரு விதை விதைக்க வேண்டும். சந்தேகப்பட்டால் கதவு அடைபடும்."

அடுத்த நாள் காலையில் அக்கா கையில் கிடந்த இரண்டு காப்பையும் அடகு வைத்தார். அத்தான் போட்ட காப்பு. அத்தான் செத்தபோதும் கழற்றாதவர். எனக்குச் சொன்னால் தடுப்பேன் என்று சொல்லாமலே செய்தார். காசைக் காணிக்கை உறையில் போட்டு, மேலே தன் பெயரையும் மகன் பெயரையும் எழுதிக் கொடுத்தார். அனுப்புகிறவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, அது யாரிடம் போய்ச் சேருகிறது என்பதற்கு ஓர் எழுத்துக்கூட இல்லை. அப்படி ஓர் உறையை அன்றுதான் கண்டேன்.

பிறகு அந்த நாற்பது நாளும் அக்கா படலைக்குள்ளே வேம்புக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். எழுபத்தாறு வயது. காலையில் தலை வாரி, கோவிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டி, ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு இருப்பார். வருகிற பிள்ளை தாகத்தோடு வருவானாம். இப்போது வேலை செய்கிற தபாற்காரப் பெடியனுக்குப் பாவம், ஒவ்வொரு நாளும் அந்தப் படலையைத் தாண்டுவது பெரிய சோதனையாகிவிட்டது. என்னிடம் வந்து, "ஐயா, நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டான். இல்லை என்றால் இல்லை என்று நின்று சொல்லு மகன், ஓடாதே என்றேன். நாற்பதாம் நாள் அக்கா இறாலும் முருங்கைக்காயும் போட்டுக் கறி வைத்தார். அவனுக்கு விருப்பமான கறி. பின்னேரம் கறி ஆறி, எண்ணெய் படர்ந்து, பூனை வந்து பார்க்கும்வரைக்கும் மூடியைத் திறக்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் நான் போனேன். கதிரை உள்ளே எடுத்து வைத்திருந்தது. அக்கா சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "நான்தான் தம்பி பிழை விட்டுட்டன். முப்பதாம் நாள் ராவு ஒருக்கா மனசு சோர்ந்து போச்சு. வரமாட்டானோ எண்டு ஒரு நினைப்பு வந்தது. அதாலதான் கதவு அடைபட்டுட்டு."

ஐயா, காசு போனது எனக்குப் பெரிதில்லை. காப்பை நானும் மருமகளுமாகச் சேர்ந்து மீட்டுவிட்டோம். முப்பத்துச் சொச்ச வருடம் காத்திருந்த ஒரு தாயை, மகன் வராததற்கு நீதான் காரணம் என்று நம்ப வைத்துவிட்டார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஊழியக்காரரின் உதவியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். சண்டை போடவில்லை. உங்கள் ஐயா ஒரு தரம் வந்து, நான் சொன்னது நடக்கவில்லை, அது உங்கள் குற்றம் அல்ல என்று அக்காவிடம் சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். விசுவாசக் குறைவாக இருக்கும், இன்னும் ஜெபியுங்கள் என்று பதில் வந்தது.

அன்று இரவு உபாகமம் பதினெட்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். ஒரு தீர்க்கதரிசி கர்த்தரின் நாமத்தினாலே சொல்லும் காரியம் நடவாமலும் நிறைவேறாமலும் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று அங்கே இருக்கிறது. கேட்டவர் சந்தேகப்பட்டாரா, விதை விதைத்தாரா என்ற ஒரு கேள்வியும் அங்கே இல்லை. பொறுப்பு முழுவதும் சொன்னவன் தலையில். அந்த வசனத்தின் கடைசித் துண்டை மூன்று தரம் வாசித்தேன்: "அந்தத் தீர்க்கதரிசி அதைத் துணிகரத்தினால் சொன்னான், அவனுக்கு நீ பயப்படவேண்டாம்." அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒருக்கா வாசித்தார். விரல் வைத்து வாசித்தார். "பயப்படவேண்டாம் எண்டுதானே கிடக்கு" என்றார். ஓம் என்றேன்.

இனி என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

1981. படுவான்கரையில் ஒரு தாய்க்குத் தந்தி வந்தது. கொழும்பில் வேலை செய்த மகன் இறந்துவிட்டான். அந்தக் காலத்தில் தந்தி என்றால் பிரிக்கும் முன்னமே ஊர் அழத் தொடங்கிவிடும். நான் போனபோது அந்த அம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டு நின்றார். "நல்ல செய்திதானே மனே?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகனுக்குக் கொஞ்சம் கடுமையாம், வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லித் தந்தியைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரக்கம் என்று நினைத்தேன். அவர் நெல்லை அள்ளி வைத்துவிட்டு மறுநாள் போகலாம் என்று இருந்திருக்கிறார். இரவு யாரோ வாசித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. ஆனால் என் கையால் ஒரு கடிதமும் வாங்கவில்லை. பேரப்பிள்ளையை அனுப்புவார்.

இரண்டாம் சாமுவேல் பதினெட்டாம் அதிகாரத்தில் அகிமாஸ் என்று ஒருவன் வருகிறான். அவனை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முற்றம் ஞாபகம் வரும். தாவீதின் மகன் அப்சலோம் போரில் இறந்துவிட்டான். தாவீது இரண்டு வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்து செய்திக்குக் காத்திருக்கிறான். அவன் அரசன்தான், ஆனால் அந்த நேரம் எங்கள் அக்கா மாதிரி படலையடியில் இருக்கிற ஒரு தகப்பன். அகிமாஸ் ஓடப்போகிறேன் என்கிறான். ராஜாவின் மகன் இறந்துபோனான், இன்றைக்கு நீ கொண்டுபோக நல்ல செய்தி இல்லை என்று படைத்தலைவன் யோவாப் தடுக்கிறான். அப்படியும் ஓடுகிறான், அனுப்பப்பட்ட கூஷியையும் முந்திக்கொண்டு ஓடுகிறான். காவற்காரன் ஓட்டத்தைப் பார்த்தே இன்னான் என்று அடையாளம் சொல்லுகிறான். தாவீது, அவன் நல்ல மனுஷன், நல்ல செய்திதான் சொல்ல வருவான் என்கிறான். வந்ததும், பிள்ளையாண்டானாகிய அப்சலோம் சுகமாயிருக்கிறானா என்று கேட்கிறான். தெரிந்துகொண்டே அகிமாஸ் சொல்லுகிறான்: ஒரு பெரிய சந்தடியைக் கண்டேன், இன்னதென்று தெரியாது.

உண்மையைச் சொன்னவன் பின்னால் வந்த கூஷி. அவனுக்கு அரசனிடம் பெயரும் இல்லை, அவனுடைய ஓட்டத்தை அடையாளம் கண்டு சொல்லவும் ஆள் இல்லை. அவனும் வார்த்தையைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் சொன்னான். தெரிந்த ஆள், நல்ல குடும்பம், நன்றாக ஓடுகிறான், நல்ல மனிதன் என்றெல்லாம் தாவீது பார்த்தது ஒன்றும் அன்றைக்கு உதவவில்லை. நாங்களும் அப்படித்தான் பார்க்கிறோம். எவ்வளவு கூட்டம் வருகிறது, எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறார், கண்ணீரோடு ஜெபிக்கிறாரா என்றுதான் எங்கள் கண் போகிறது. யார் அனுப்பி வந்தார், கையில் என்ன இருக்கிறது என்பதை ஒருவரும் கேட்பதில்லை. எரேமியா இருபத்துமூன்றில் கர்த்தர் அதைத்தான் சொல்லுகிறார்: "அந்தத் தீர்க்கதரிசிகளை நான் அனுப்பாதிருந்தும் அவர்கள் ஓடினார்கள்."

எரேமியாவைப் பற்றி இரண்டு காரியம் சொல்ல வேண்டும். எங்கள் வேதபாட வகுப்பில் இதைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. எருசலேம் விழுந்த பிறகு மிஞ்சின சனங்கள் அவரிடம் வந்து, நாங்கள் எங்கே போக வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும் என்கிறார்கள். சனம் பயந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறது. எரேமியா உடனே கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லவில்லை. பத்து நாள் சென்ற பிறகுதான் அவருக்கு வார்த்தை வந்தது, நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தப் பத்து நாளும் அவரைச் சந்தித்தவர்களுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார்? இன்னும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். கடிதம் இல்லாத நாளில் இல்லை என்று சொல்லத் தெரிந்தவர் அவர். பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும், வருகிற எல்லாருக்கும், மூன்று நாளும் தவறாமல் செய்தி வைத்திருக்கிற ஒருவரை நான் எப்படி நம்புவது?

மற்றது அனனியா என்ற தீர்க்கதரிசி. பாபிலோனின் நுகத்தைக் கர்த்தர் முறித்தார், இரண்டு வருடத்துக்குள் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் சனங்களுக்கு முன்பாகச் சொன்னான். எரேமியாவுக்கும் அது நடக்கத்தான் விருப்பம். ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அதோடு, சமாதானம் வரும் என்று சொல்லுகிறவனை அது நடந்த பிறகுதான் கர்த்தர் அனுப்பினவன் என்று அறியலாம் என்றும் சொன்னார். எரேமியா அடையாளமாகக் கழுத்தில் போட்டிருந்த நுகத்தையே அனனியா எடுத்து உடைத்தான். எரேமியா எதிர்த்துக் கத்தாமல் தன் வழியே போனார். பிறகு வார்த்தை வந்தபோது திரும்பி வந்து, கர்த்தர் உன்னை அனுப்பவில்லை, இந்த வருடமே சாவாய் என்றார். அது இருக்கிற இருபத்தெட்டாம் அதிகாரத்தில் திகதி இருப்பதைக் கவனியுங்கள். அனனியா பேசியது ஐந்தாம் மாதம், செத்தது ஏழாம் மாதம். யார், எப்போது, எங்கே, என்ன சொன்னார் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பதிவுத் தபாலுக்கு நாங்கள் புத்தகம் வைத்திருந்த மாதிரி.

இது இன்றைக்கு வந்த வருத்தம் அல்ல. ஆதிச் சபையின் காலத்திலேயே இருந்தது. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று ஒரு சின்ன நூல் உண்டு, திதாகே என்பார்கள். கிரேக்க மூலப் பிரதி 1873இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கண்டெடுக்கப்பட்டு, பத்து வருடம் கழித்து அச்சானது. ஊர் ஊராக வருகிற தூதர்களை எப்படி ஏற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கர்த்தரை ஏற்பது போல ஏற்றுக்கொள். ஒரு நாள் தங்கட்டும், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கட்டும். மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த இடம் போய்ச் சேருமட்டும் அப்பம் கொடுத்து அனுப்பு, காசு கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிற தீர்க்கதரிசியைச் சோதிக்காதே என்றும் அதே நூல் சொல்லுகிறது. அப்படிச் சொன்ன கையோடு, ஆவியில் பேசுகிற எல்லாரும் தீர்க்கதரிசி அல்ல, கர்த்தருடைய வழிகளில் நடக்கிறவன்தான் என்கிறது. ஆவியின் பெயரால் எனக்குக் காசு தா என்று கேட்கிறவனுக்குச் செவிகொடுக்காதே, இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்காதே என்கிறது. இதை எங்கள் போதகர் வாசித்தபோது பின்வாங்கில் இருந்த மீன்பிடிகாரர் ஒருவர், "இது எங்கட ஊரில இருந்து எழுதின மாதிரி இருக்கு" என்றார்.

நான் 1975இலிருந்து கண்டதும் அதுதான். தந்தி கொண்டுபோகிறவன் படலையில் நின்று காசு கேட்கக்கூடாது. எனக்குச் சம்பளம் கந்தோர் தந்தது. யாரும் ஒரு இளநீர் வெட்டித் தந்தால் குடித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு தா, தராவிட்டால் உள்ளே இருக்கிற செய்தி மாறிவிடும் என்று ஒரு தபாற்காரன் சொன்னால் ஊர் என்ன செய்யும்? கொடுக்கிறவன் கையைப் பொறுத்துச் செய்தி மாறுமென்றால் அது செய்தி இல்லை, வியாபாரம்.

சரி, அப்படியானால் ஒருவரையும் நம்ப வேண்டாம் என்று எழுதிய சகோதரர் சொன்னதுதான் சரியா? இல்லை. என் மருமகளும் அந்த நாற்பது நாளுக்குப் பிறகு அப்படித்தான் சொன்னாள், மாமா இனி நான் யார் சொன்னாலும் கேட்கமாட்டேன் என்று. அதுவும் ஆபத்து. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலை இந்த ஊரில் யார் மறப்பார்? ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. உண்மையான செய்தி, நேரத்துக்கு வந்த செய்தி. கையில் வாங்கியவர்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கவில்லை. 21ஆம் திகதி மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளுக்கு நடந்ததை நான் திரும்ப எழுதமாட்டேன். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாயிருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றும், பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த மற்ற அதிகாரிகளும் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னது. கிடைத்த எச்சரிக்கைக்குச் செவிகொடுக்காததற்குத்தான் அந்தத் தீர்ப்பு. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதில் இரண்டும் சேர்ந்தே வருகிறது: "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்." பலர் முதல் வசனத்தைச் சுவரொட்டியில் போடுகிறார்கள். அடுத்ததைப் போடுவதில்லை.

நல்ல தூதரை நாங்கள் காணாத மண் இல்லை இது. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். ஒரு வருடம் நிறையுமுன்னே, 1815 ஏப்ரலில், இங்கேயே இறந்தார். அவர் விட்டுப்போனது ஒரு பாடசாலை. 1990 ஓகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட யேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் அடிகளார், கூட வந்த தமிழ்ப் பெடியனோடு வழியில் காணாமற்போனார். எங்கள் தாய்மார் தேடுகிறவர்களின் வரிசையில் அவரும் இருக்கிறார். அதே சபையின் ஹரி மில்லர் அடிகளார் தாய்மார் சொன்ன பெயர்களை எழுதி எழுதி வைத்தார். உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லுவது எவ்வளவு சுலபம். பெயர், வயது, கொண்டுபோன இடம், திகதி என்று எழுதுவதுதான் கஷ்டம்.

அக்காவுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் இருந்த ஒரு போதகர். 1990 கடைசியில் வந்து, முகாமில் விசாரித்தேன் அம்மா, ஒன்றும் தெரியவில்லை என்றார். அடுத்த மாதமும் வந்தார். அதே பதில். மாற்றலாகிப் போகுமட்டும் மாதம் ஒரு தரம் வந்தார், தேத்தண்ணி குடித்தார், தெரியவில்லை என்றார், ஜெபித்தார், போனார். அந்த நேரம் அக்காவுக்கு அவர் மேல் கோபம். இப்போது, நாற்பது நாள் கதிரையில் இருந்து எழும்பிய பிறகு, அவரைப் பற்றித்தான் கதைக்கிறார். "அந்தப் போதகர் ஒருக்காலும் எனக்குப் பொய் சொல்லல்ல தம்பி" என்றார். முப்பது வருடம் கழித்து.

சபைத் தலைவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் பதினாலாம் அதிகாரத்தில், தீர்க்கதரிசிகள் இரண்டு பேரோ மூன்று பேரோ பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்று இருக்கிறது. அந்த மற்றவர்கள் யார்? வெளியூரிலிருந்து ஒருவர் வந்து எங்கள் தாய்மாருடைய காயத்தில் கை வைக்கும்போது, பக்கத்தில் நின்று, ஐயா இதை யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்க ஒரு மூப்பர் வேண்டாமா? கேட்டால் அவிசுவாசம் என்கிறார்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிப் பார்த்தார்கள், அதற்காக நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள். நானே வந்து வேறு சுவிசேஷம் சொன்னாலும் ஏற்காதே, வானத்திலிருந்து ஒரு தூதன் வந்து சொன்னாலும் ஏற்காதே என்று கலாத்தியருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். பரிசோதிக்கப் பயப்படுகிற தூதரை நான் வேதத்தில் காணவில்லை.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு விளம்பரம் வந்தால், பொறுப்பான உள்ளூர்ச் சபை எது, கேள்வி கேட்க வேண்டுமானால் யாரிடம் கேட்பது என்று ஒரு விலாசம் வாங்கிப் போடுங்கள். விலாசம் இல்லாத கடிதத்தை நாங்கள் கந்தோரில் ஏற்பதில்லை.

அக்கா இப்போதும் கூட்டங்களுக்குப் போகிறார். நான் தடுக்கவில்லை. அவருடைய விசுவாசத்தை எடுத்துவிட்டால் அவருக்கு வேறென்ன இருக்கிறது? ஆனால் நானும் கூடப் போகிறேன். பழைய கந்தோர்ப் பழக்கத்தில் ஒரு நீலமட்டைக் கொப்பி வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். திகதி, இடம், சொன்னவர் பெயர், சொன்ன வார்த்தை, கடைசியில் கையெழுத்து. யாராவது அக்காவிடம் வந்து கர்த்தர் எனக்குச் சொன்னார் என்று தொடங்கினால், நான் மரியாதையாகக் கொப்பியைத் திறந்து, ஐயா இதில் எழுதி ஒப்பம் வைத்துத் தாருங்கள் என்று கேட்பேன். இதுவரைக்கும் நாலு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் வேறு பக்கம் போய்விட்டார்கள். நாலாமவர் ஒரு வயதான சகோதரி, வாகரைப் பக்கம். கொப்பியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உங்கட மகனைப் பற்றி ஒண்டும் தெரியாது அம்மா, நான் உங்களோட இருந்து ஜெபிக்கிறன்" என்றார். அதை எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் வைத்தார்.

பெரியகல்லாறு, களுதாவளை, குருக்கள்மடம் பக்கத்தில் காணாமற்போன பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் யாருக்காவது இப்படிக் கூட்டத்துக்குக் கூட வர ஆள் வேண்டுமென்றால் எங்கள் சபையில் கேளுங்கள். சைக்கிள் இன்னும் ஓடுகிறது. கொப்பியில் தாளும் மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாற்காரன்,
பெரியகல்லாறு.